தூரிகையும் பில் புத்தகமும்



சொந்தக் கலையை நம்பிப் பிழைப்பவர்களைப் பற்றி நம் ஊரில் இரண்டே கதைகள்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. ஒன்று, வறுமையில் வாடி மறைந்த மேதையின் கதை. மற்றொன்று, ஒரே படத்தில் உச்சிக்குப் போன அதிர்ஷ்டசாலியின் கதை. மாதாமாதம் வாடகை கொடுத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, நாற்பது வருடம் விடாமல் வரைந்தவர்களும் எழுதியவர்களும் வாசித்தவர்களும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார்கள். அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இன்று அதைத்தான் பேசவேண்டும்.

1960களின் தொடக்கத்தில், சென்னை அரசு கலை, கைத்தொழில் பள்ளியில் ஓவியமும் சிற்பமும் படித்து வெளியே வந்த இளைஞர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் ஆகலாம். நெசவாளர் சேவை மையத்தில் சேலைக்கு டிசைன் போடலாம். சினிமாவுக்கோ விளம்பரக் கம்பெனிக்கோ போகலாம். தான் வரைய நினைத்ததை வரைந்து, அதை விற்றுக் குடும்பம் நடத்தும் வழி அன்றைய சென்னையில் ஏறக்குறைய இல்லை. ஓவியக் கூடங்கள் அரிது, வாங்குவோர் அதைவிட அரிது. நல்ல கை உள்ளவர்கள் வேலையில் சேர்ந்த சில வருடங்களில் வரைவதையே விட்டுவிடுவது வழக்கமாக இருந்தது.

அந்தப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயிற்றுப்பாடு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். தந்தை இறந்தபின் குடும்பத்துக்காகத் தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டு, இருபத்தைந்து வயதில்தான் ஓவியம் படிக்கவே சேர்ந்தவர் அவர். மாணவர்களோடு உட்கார்ந்து பேசி அவர்கள் கண்ட வழி, மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணி. ஓவியம் வாங்காத வீட்டில்கூடத் துணி வாங்குவார்கள். எல்லோரும் சேர்ந்து பாத்திக் செய்து கண்காட்சி வைத்தார்கள். விற்றது. கைவினைக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். அந்த வருமானத்தைச் சேர்த்து 1966இல், மகாபலிபுரம் போகும் வழியில் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையோரம் பத்து ஏக்கருக்குக் கொஞ்சம் முன்பின்னாக நிலம் வாங்கினார்கள். மின்சாரம்கூட வந்திராத மணல்வெளியில் தாங்களே குடிசையும் வீடும் கட்டிக்கொண்டு குடியேறினார்கள். அதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் கடற்காற்றையும் கூட்டு வாழ்க்கையையும் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். இந்த அவை கவனிக்க வேண்டியது அதன் கணக்கு வழக்கை. அங்கிருந்தவர்கள் நாளின் ஒரு பகுதியைப் பாத்திக்குக்கும் தோல் வேலைக்கும் உலோகக் கைவினைக்கும் கொடுத்தார்கள். மீதி நேரம் அவரவர் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும். கைவினை வீட்டுச் செலவைப் பார்த்துக்கொண்டது. அதனால் ஓவியம் யாருடைய ரசனைக்கும் வளைய வேண்டியிருக்கவில்லை. ஒரு படம் பத்து வருடம் விற்காமல் சுவரில் தொங்கினாலும் அடுப்பு அணையாது. பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்கள் பலவும், நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களும், வாசுதேவ், ஹரிதாசன், சேனாதிபதி ஆகியோரின் தொடக்ககாலப் படங்களும் இப்படி உறுதி செய்துகொண்ட நேரத்தின் விளைச்சல். சென்னை ஓவிய இயக்கத்துக்கு இன்று அருங்காட்சியகம் இருப்பதும் அதே மண்ணில்தான்.

அவர்கள் செய்துகொண்ட ஏற்பாட்டில் இரண்டு அம்சங்கள் உண்டு. எந்த வேலை காசுக்கு, எந்த வேலை தனக்கு என்பதை அவர்கள் வெளிப்படையாகப் பிரித்துக்கொண்டார்கள். அப்படிப் பிரித்ததில் வெட்கப்படவில்லை. விற்கும் பொறுப்பைத் தனியாளின் தலையில் போடாமல் சங்கத்தின் பெயரில் வைத்தது இரண்டாவது. கூச்ச சுபாவமுள்ள ஓவியர் பேரம் பேசத் தெரியாததால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. இந்த இரண்டாவது அம்சத்தை இன்றைய ஃப்ரீலான்ஸ் உலகம் மறந்துவிட்டது. தனித்தொழில் என்றால் தனியாகவே எல்லாவற்றையும் சுமப்பது என்று பொருள் செய்துகொண்டுவிட்டோம்.

இன்றைய ஒரு நாளைப் பாருங்கள். சென்னையிலோ மதுரையிலோ வீட்டிலிருந்து வேலை செய்யும் ஓர் அட்டைப்பட ஓவியருக்குக் காலை எழுந்ததும் வாட்ஸப்பில் ‘சின்ன கரெக்‌ஷன்’ காத்திருக்கிறது. சின்னது என்றுதான் எல்லாமே தொடங்கும். அதை முடிப்பதற்குள் புதியவர் ஒருவர் கொட்டேஷன் கேட்கிறார். மூன்று மாதத்துக்கு முன் முடித்த வேலையின் பேலன்ஸுக்காக ஒரு கம்பெனிக்குப் போன் செய்ய வேண்டும். அக்கவுன்ட்ஸ் பிரிவில் இருப்பவர் லீவு. கேஸ் சிலிண்டர் வருகிறது, ‘வீட்டில்தானே இருக்கே’ என்று உறவினர் ஒரு வேலை சொல்கிறார். தூரிகையைத் தொடும்போது மணி மூன்று. இந்த ஓவியரைச் சோம்பேறி என்று சொல்ல முடியுமா? பகல் முழுக்க அவர் வேலைதான் செய்தார். அந்த வேலைக்குக் கூலி தர ஆளில்லை, அவ்வளவுதான்.

நேரத்தைக் காப்பாற்றுவதில் எல்லோரும் மேற்கோள் காட்டக்கூடிய ஒருவர் ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி ட்ரோலப். தபால் துறையில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். காலை ஐந்தரைக்கு மேஜைக்கு வந்துவிடுவார். காபியோடு தன்னை எழுப்புவதற்காகவே வீட்டுப் பணியாளருக்கு வருடத்துக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். கடிகாரத்தை எதிரில் வைத்துக் கால்மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதினார். வாரம் எத்தனை பக்கம் என்று குறிப்பேட்டில் பதிந்தார். 47 நாவல்கள் வந்தன. அவர் இறந்தபின் 1883இல் வெளியான சுயசரிதையில் இதையெல்லாம் சொன்னதோடு, எந்தப் புத்தகத்துக்கு எவ்வளவு வந்தது என்ற பட்டியலையும் போட்டு, மொத்தம் கிட்டத்தட்ட 70,000 பவுண்டு என்று காட்டியிருந்தார். படித்த பலர் முகம் சுளித்தார்கள். கலைஞன் இப்படியா கணக்குப் பார்ப்பான் என்று அவருடைய மதிப்பே சில காலம் சரிந்தது. அது பெரிய அநியாயம். மறைக்காமல் சொன்ன ஒரே மனிதரைத் தண்டித்த கதை அது.

ஆனாலும் ட்ரோலப்பை அப்படியே பின்பற்றச் சொல்வது சரியாகாது. 1867இல் வேலையை விடும்வரை அவருக்குச் சம்பளம் இருந்தது. பத்து மணிக்குமேல் யாரும் அவரிடம் கொட்டேஷன் கேட்கவில்லை. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது காலைப் பொழுதின் முதல் மணிகளைச் சொந்த வேலைக்கு ஒதுக்கியதை மட்டும்தான். போனைப் பதினோரு மணிக்கு எடுப்பது என்று முடிவு செய்துவிட்டால் வாடிக்கையாளர்கள் ஓடிப்போவதில்லை. பதினோரு மணிக்கு எடுப்பவர் என்று அவர்களுக்குப் பழகிவிடும்.

சம்பளத்தை விட்டு வெளியே வருவது தனி அத்தியாயம். கல்கி ‘ஆனந்த விகடனை’ விட்டுவந்து 1941இல் சொந்த இதழ் தொடங்கியபோது, துணிச்சலை மட்டும் நம்பி வரவில்லை. நண்பர் சதாசிவம் கூட்டாளியாக இருந்தார். எம்.எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்துப் பெற்ற பணம் முதலானது. பிற்காலத்தில் ‘பொன்னியின் செல்வன்’ மூன்றரை வருடம் வாராவாரம் வர முடிந்ததென்றால், அந்த முதலும் கூட்டும் அதற்கு அடியில் இருந்தன. மாறாகப் பாரதியை நினைத்துப் பாருங்கள். 1920இல் தன் எழுத்துகளை 40 நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடுவது என்று திட்டம் போட்டு, வட்டிக்குப் பணம் தந்து உதவும்படி அன்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். உலகம் தெரியாத கவிஞன் என்று அவரைச் சொல்பவர்கள் அந்த அறிக்கையைப் படிக்க வேண்டும். அச்சும் விலையும் விற்பனையும் யோசித்த மூளை அது. பணம் வரவில்லை. மறுவருடம் அவரும் போய்விட்டார். திட்டத்தில் கோளாறு இருந்ததாகத் தெரியவில்லை. சுமக்க இன்னொரு தோள் இல்லாமல் போனது.

இப்போது கூலிக்கு வருவோம். ‘ரேட் எவ்வளவு?’ என்று கேட்டால் தடுமாறாதவர் இந்த அவையில் எத்தனை பேர்? பலரும் பக்கத்து ஆள் வாங்குவதில் கொஞ்சம் குறைத்துச் சொல்கிறோம். கணக்கை வேறு முனையிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு மாதம் 40,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 4,80,000. கம்ப்யூட்டர், சாஃப்ட்வேர், மின்கட்டணம், மருத்துவக் காப்பீடு, போக்குவரத்து என்று இன்னொரு 1,20,000. ஆக 6 லட்சம். இதை 365 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 1,650 ரூபாய்கூட வராது. அங்கேதான் ஏமாறுகிறோம். ஞாயிறுகள் 52 போக, பண்டிகை, காய்ச்சல், கல்யாணம், கருமாதி என்று இன்னொரு 33 நாள் கழித்தால் மிச்சம் 280. அதில் பாதி, வேலை தேடவும் விலை சொல்லவும் பணம் வசூலிக்கவும் புதிய மென்பொருள் கற்கவும் போய்விடும். காசு தரும் நாள் 140தான். 6 லட்சத்தை அதால் வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய 4,300 ரூபாய். வரியும் சேமிப்பும் இதில் இன்னும் சேரவில்லை. 2,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டவர் ஒவ்வொரு நாளும் கைக்காசு போட்டு வேலை செய்கிறார்.

விலை பேசியாயிற்று என்றால் அடுத்தது காகிதம். என்ன வேலை, எத்தனை மாதிரி, எத்தனை முறை திருத்தம், அதற்குமேல் திருத்தினால் எவ்வளவு, எந்தத் தேதியில் பணம் என்பதை ஒரு மின்னஞ்சலிலாவது எழுதி, ‘சரி’ என்று பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அட்வான்ஸ் வந்தபின் தொடங்குவது, மீதிப் பணம் வந்தபின் ஃபைனல் ஃபைல் அனுப்புவது என்று வைத்துக்கொள்பவர்களை யாரும் முரடர்கள் என்று நினைப்பதில்லை. தச்சரும் தையற்காரரும் முன்பணம் வாங்கும் ஊரில் ஓவியர் மட்டும் கூச்சப்படுவதற்கு ஒரு நியாயமும் கிடையாது.

இழுத்தடிக்கப்படும் பணத்துக்குச் சட்டம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியவில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டத்தின்படி, அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்துகொண்ட ஒரு குறுநிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும். சேவை வழங்கும் தனிநபரும் குறுநிறுவனமாகப் பதிவு செய்யலாம். ஒற்றை டிசைனரும் இதில் அடக்கம். வசூலாகாத பில்லுக்கு இணையத்திலேயே மனுப் போடலாம். 2024 ஏப்ரலிலிருந்து இன்னொரு பிடியும் உண்டு. குறு, சிறு நிறுவனத்துக்குத் தரவேண்டியதைக் கெடுவுக்குள் தராத கம்பெனி, அந்தத் தொகையைக் கொடுக்கும்வரை அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது. ஆகவே பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சிட்டு அனுப்புங்கள். நினைவூட்டும் போன்களைவிட அந்த ஒரு வரிக்கு மரியாதை அதிகம்.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொழில்முறைக் கட்டணத்தில் கம்பெனிகள் பத்து சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும். பிடித்தது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வரித்துறைத் தளத்தில் பார்த்துவிட வேண்டும். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பாடலாசிரியர், ஒளிப்பதிவாளர், எடிட்டர், வசனகர்த்தா போன்ற சினிமாக் கலைஞர்கள் வரவில் பாதியை வருமானமாகக் காட்டும் எளிய முறையைத் தேர்ந்தெடுக்கலாம். கணக்குப் புத்தகச் சுமை அதில் பெருமளவு குறையும். வரும் ஒவ்வொரு தொகையிலிருந்தும் ஒரு பங்கை வேறு வங்கிக் கணக்குக்கு உடனே மாற்றிவிடுபவருக்கு மார்ச் மாதம் பயமாக இருக்காது.

உரிமை பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் கையெழுத்து ஒன்றில் ஆயுள் வருமானம் போய்விடக்கூடிய இடம் இது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி படைத்தவரே முதல் உரிமையாளர். ஆனால் ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும், வரையச் சொன்ன ஓவியத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். கல்யாண போட்டோகிராபரும் உருவப்பட ஓவியரும் இதை அறிந்துதான் ஒப்பந்தம் எழுதவேண்டும். உரிமையை மாற்றித் தருவது எழுத்தில்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும்தான் பொருள். ‘எல்லா ஊடகங்களுக்கும், எல்லாக் காலத்துக்கும்’ என்று ஒப்பந்தத்தில் போட்டிருந்தால், அந்தச் சொற்களுக்கு ஒரு விலை இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

திரைப்பாடல்களின் கதை இதற்குத் தெளிவான சான்று. 1977இல் உச்ச நீதிமன்றம், படத்துக்காகக் கூலி கொடுத்து எழுதி இசையமைக்கப்பட்ட பாடலின் உரிமை தயாரிப்பாளருக்கே என்று தீர்ப்பளித்தது. வேறு ஒப்பந்தம் இருந்தால்தான் நிலைமை மாறும். ஒரு பாடல் முப்பது வருடம் வானொலியிலும் விழா மேடையிலும் ஒலித்தாலும், எழுதியவருக்கு அன்று வாங்கியதோடு சரி. இதை மாற்ற 35 வருடம் பிடித்தது. பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். மாநிலங்களவையில் இருந்த கவிஞர் ஜாவேத் அக்தர் முன்னின்று வாதாடினார். 2012 திருத்தத்தின்படி, திரையரங்கில் படத்தோடு ஓடுவது தவிர்த்த மற்றப் பயன்பாடுகளுக்கான ராயல்டியில் தங்கள் பங்கை அவர்கள் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுத்துவிடவே முடியாது. விரும்பிக் கையெழுத்திட்டாலும் செல்லாது. எந்தப் பெரிய கவிஞரும் தயாரிப்பாளரின் அறையில் தனியாக உட்கார்ந்து வாங்கியிருக்க முடியாத உரிமை இது.

நியூயார்க்கிலும் இதே பாடம். ஃப்ரீலான்ஸர்களின் சங்கம் ஒன்று வருடக்கணக்கில் போராடியதன் பலனாக, 800 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்து ஒப்பந்தமும், தேதி குறிக்காவிட்டால் வேலை முடிந்த 30 நாளில் பணமும் கட்டாயம் என்று 2017இல் அந்த நகரில் சட்டம் வந்தது. 2024இல் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. மெடிக்கல் லீவு இல்லாத தொழில் இது. ‘ஆனந்த விகடன்’ சித்திரங்களால் தமிழ் வீடுகளுக்குள் வந்த கோபுலு, விளம்பரத் துறைக்குப் போய்ப் பிறகு சொந்த விளம்பர நிறுவனமும் நடத்தியவர். பக்கவாதத்தால் வலது கை செயலிழந்தபோது இடது கையால் வரையப் பழகினார். அந்த மனவுறுதிக்குத் தலைவணங்க வேண்டும். ஆனால் எல்லோரிடமும் அதை எதிர்பார்ப்பது கொடுமை. மூன்று மாதச் செலவுக்கான பணம் வங்கியிலும், குடும்பத்துக்கொரு மருத்துவக் காப்பீடும் இருந்தால், மணிக்கட்டு வலிக்கும்போது மருத்துவரிடம் போகலாம். அவை இல்லாதவர் வலியோடு வரைந்து வலியை நிரந்தரமாக்கிக்கொள்கிறார்.

இனிச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சோழமண்டலத்தாரைப்போல் நிலம் வாங்க இன்று யாராலும் முடியாது. ஈஞ்சம்பாக்கத்தில் மனை விலை எங்கே போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரே பேட்டையில் இருக்கும் ஐந்தாறு பேர், ஓர் ஓவியர், ஒரு மொழிபெயர்ப்பாளர், ஓர் எடிட்டர், ஒரு போட்டோகிராபர் என்று, மாதத்தில் ஒரு நாள் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார முடியும். அன்று எல்லோரும் பில் போடட்டும். ஒருவருடைய பேலன்ஸுக்கு இன்னொருவர் போன் செய்யட்டும். தன் பணத்தைக் கேட்கக் கூசுபவர்கூட நண்பருடைய பணத்தைத் தெளிவாகக் கேட்பார். யார் எவ்வளவு வாங்குகிறார் என்பதை அந்த மேஜையில் மறைக்காமல் சொல்லட்டும். ஏனென்றால், மற்றவர் விலை தெரியாத வரைக்கும் ஒவ்வொருவரையும் இன்னொருவரைக் காட்டியே குறைப்பார்கள். வந்திருக்கும் ஒப்பந்தத்தை இரண்டாவது ஜோடிக் கண்கள் படிக்கட்டும். ஒரே ஆடிட்டரை எல்லோரும் சேர்ந்து வைத்துக்கொண்டால் செலவும் குறையும்.

உத்யம் பதிவுக்கு ஆதாரும் பானும் போதும், கட்டணம் கிடையாது, இடைத்தரகரும் தேவையில்லை. இந்த அரங்கில் இன்னும் பதிவு செய்யாதவர்கள் முதல் கூட்டத்தை அதிலிருந்தே தொடங்கலாம்.